அல்மா ருஸ்டாடின் பக்கத்து நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் லிண்ட் அவர்களே, எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கிப் போட்டியை நடத்திவரும் ஹாகன் அவர்களே, கல் ஓடையின் இரு கரைகளிலிருந்தும் பனியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் என் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் நின்று பேச வேண்டியவர் என் அம்மா நோரீன் கெசல். அல்மா ருஸ்டாட் அம்மையாரின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர் அவர்தான். ஹாகன் வந்து கேட்டபோது அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அதனால் மகள் ட்ரூடி வந்து நிற்கிறேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரலே வராது. கன்று ஈனும் பருவத்தில் வீட்டில் ஆளும் இல்லை. அதனால் பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். இன்றைக்கும் வாய் திறக்கமாட்டேன் என்று பந்தயம் கட்டியவர்கள் அதோ காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆர்லோ மாமா, நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

யார் இந்த அல்மா ருஸ்டாட்? எண்ணூறு கெஜத்து அரசி! மொன்டானாவின் இந்த மூலையில் அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே சுட்டு எடுத்துக்கொண்டார். எண்ணூறு கெஜம் தள்ளி, மலைச்சரிவில் நம் குறியாக நிற்கும் இரும்பு எருமையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வெள்ளத்தில் அது ஓடைக்குள் விழுந்தபோது சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்து வந்தவர் யார்? அல்மா! ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் பொழுது விடியும்போதே போய் அதற்கு வெள்ளை அடித்தவர் யார்? அல்மா! புதிதாக வந்த எவருக்கும் பழைய துப்பாக்கியைத் தேடாமல் தன் சொந்த ரைஃபிளையே நீட்டியவர் யார்? "சுட்டுப் பாருங்க. தோள் கழண்டா மாட்டிக்கலாம்" என்று சொன்னவர் யார்?

நல்லவரைப் பற்றி நல்லது பேச வேண்டும். பேசினேன். ஆனால் பொய் பேச எனக்கு வராது. எனக்கு அவர்மேல் பொறாமை. இருந்தது என்று சொல்லமாட்டேன். இருக்கிறது.

அவர் குறி தப்பாமல் சுட்டதற்காகவா? இல்லை. கடைசி இடம் பிடிப்பவர் அடுத்த போட்டிக்குப் 'பை' என்கிற இனிப்பு அடையைச் சுட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது நம் வழக்கம். இரண்டு கோடையாக, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட பையெல்லாம் என் கையால் செய்தது. முதல் துண்டு வென்றவருக்கு. அதாவது அல்மாவுக்கு. தின்றுவிட்டு என்ன சொல்வார் தெரியுமா? "மாவு கொஞ்சம் கெட்டி. ஆனா உன் குறிக்கு இது தேவலாம்டி." எல்லோரும் சிரித்தீர்கள். அதற்காகவும் நான் பொறாமைப்படவில்லை.

என் பொறாமை எல்லாம் அவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியின்மேல்.

கருமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் நமக்கு ஒரு குறை உண்டு. விசையை அமுக்கியதும் முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை மூடிவிடும். சுட்டவருக்கு எதுவும் தெரியாது. குண்டு எருமையைத் தொட்டதா, புழுதியைத் தொட்டதா, காற்று எங்கே தள்ளியது, எல்லாவற்றையும் பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். சுடுபவருக்குக் கண் அவர்தான். அல்மாவுக்குக் கண்ணாக இருந்தவர் என் அம்மா.

போன கோடையில் புல்லைப் படுக்கவைத்த அந்தக் காற்று நினைவிருக்கிறதா? காலை முழுவதும் ஒருவர் குண்டும் இரும்பில் படவில்லை. அம்மா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு எருமை இடது." இரண்டு எருமை நீளம் தள்ளி, வெறும் புல்லைப் பார்த்தா சுடுவது? அல்மா ஏன் என்று கேட்டாரா? "ம்" என்றார். சுட்டார். புகை கலைந்து, நாம் ஒரு மூச்சு விட்டு இன்னொரு மூச்சை இழுத்த பிறகு, மலையிலிருந்து மணி அடித்ததுபோல் வந்தது அந்த ஒலி! நீங்கள் தொப்பியை வீசினீர்கள். அம்மாவும் அல்மாவும் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே குடுவையிலிருந்து இரண்டு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டார்கள். அந்தத் திரும்பாமைதான் என் வயிற்றை எரித்தது. வீட்டில் அம்மா என்னோடு பேசுவது என்ன? "கதவ சாத்து." "கன்னுக்குப் பால் வச்சியா?" அவ்வளவுதான். அங்கே இரண்டே சொல்லில் ஒரு நாள் முழுவதும் பேசிக்கொண்டார்களே!

எனக்குக் கண்ணாக வாய்த்தவர் யார்? ஆர்லோ மாமா. "பட்டுதா மாமா?" என்று நான் கேட்டால், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே, "அங்க பாரு, என்னா பெரிய பருந்து!" என்பார். சிரிக்காதீர்கள் மாமா, அந்தப் பருந்தால் நான் எத்தனை பை சுட்டேன்!

ஒரே ஒரு முறை அம்மா எனக்காக உட்கார்ந்தார். என் முதல் போட்டி. சுட்டேன். "எங்கம்மா விழுந்துச்சு?" என்றேன். "கொஞ்சம் வலது" என்றார். திருத்திச் சுட்டேன். "கொஞ்சம் இடது." மறுபடி திருத்தினேன். "கொஞ்சம்... வலதுதான்." ஒரு குண்டுகூடப் படவில்லை. அடுத்த போட்டிக்கு அம்மா நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு அல்மாவின் பக்கத்துக்கே போய்விட்டார். மகள் சுடுவதைப் பார்க்க அம்மாவுக்கு வெட்கம் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

இந்த இலையுதிர்காலத்தில், கடைசிப் போட்டி முடிந்து, எங்கள் பக்கத்துப் பண்ணையில் இருக்கும் தன் வீட்டு வாசலில் அல்மா துப்பாக்கிக் குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் துணிந்து போய்க் கேட்டேன்.

"அத்தை, அடுத்த வருசம் ஒரே ஒரு போட்டிக்கு எங்கம்மாவ எனக்கு விடுங்க."

"நோரீன் என்ன என் மேல்கோட்டா, கழட்டிக் குடுக்க? போய் அவகிட்டயே கேளு."

"வரமாட்டாங்க. நான் சுடுறது அவங்களுக்குப் புடிக்கல."

அல்மா குழலைக் கீழே வைத்தார். "அடி அசடே! நீ சுடுறப்ப உங்கம்மா கண்ண இறுக்கி மூடிக்கிறாடி. பட்டுரணும் பட்டுரணும்னு வேண்டிக்கிட்டே மூடிக்கிறா. பாக்கவே இல்ல, அப்புறம் எங்க விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவா? வாய்க்கு வந்ததச் சொன்னா. நீ கடைசியா வந்தே. உன்னைக் கெடுத்துட்டேன்னு என்கிட்ட வந்து அழுதா. நான் சுட்டா அவளுக்கு என்ன? பட்டா பட்டுது, படலைன்னா படல. அதான் கண்ணு தொறந்திருக்கு."

அவையோரே, இதைக் கேட்டதும் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? தீருமா? இரண்டு மடங்கானது! என்னை நினைத்து அழுத அழுகையைக்கூட என் அம்மா இவரிடம் அல்லவா கொண்டுபோய் அழுதிருக்கிறார்! என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் கேட்டு வைத்திருந்தவர் இவர் அல்லவா! எங்கள் வீட்டில் இருந்த நல்லதைப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்த்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

குளிர்காலம் போகட்டும், அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். போன வாரம் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்த அல்மா அம்மையார் எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே அம்மா அந்த நாற்காலியைக் களஞ்சியத்தில் உயரமான ஆணியில் மாட்டினார். "இனிமே யாருக்கும் பாக்கமாட்டேன்" என்றார். போட்டியையே நிறுத்திவிடலாமா என்று ஹாகன் அவர்கள் சற்றுமுன் வாசலில் கேட்டுக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது.

நிறுத்துவதா? இரும்பு எருமை ஓடையில் விழுந்தபோது நிறுத்தாதவர் பெயரைச் சொல்லிக்கொண்டா நிறுத்துவது?

இந்த அவையின் முன்னால் சொல்கிறேன். பனி உருகியதும் சரிவில் ஏறி எருமைக்கு வெள்ளை அடிப்பவள் நான். புதிதாக வருபவர் கையில் கொடுக்க என் ரைஃபிள் இருக்கும். மே மாதப் போட்டியில் அல்மா அம்மையார் நினைவாக முதல் குண்டைச் சுடப்போகிறவளும் நான்தான். படும் என்று சொல்லவில்லை. சுடுவேன் என்று சொல்கிறேன். பையும் கொண்டுவருவேன், எதற்கும் இருக்கட்டும்.

அல்மா அம்மையாரே, எண்ணூறு கெஜத்து அரசியே, உங்கள் இடம் எனக்கு வேண்டாம். அதற்கு நான் ஆளும் இல்லை. பக்கத்து நாற்காலியை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இன்று காலையில் ஏணி போட்டு ஏறி அதை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டியின் பின்னால் கிடக்கிறது.

அம்மா, நிமிர்ந்து என்னைப் பார். மே மாசம் என் பக்கத்துல கண்ண மூடிக்கிட்டே உக்காரும்மா, பரவால்ல. சுட்டதும் புகையில எனக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் பேசாம காது குடுத்துக் கேப்போம். பட்டுதுன்னா எருமையே சொல்லும். சத்தமே வரலைன்னா, படலைன்னு சொல்லு, நான் தாங்கிக்குவேன். "கொஞ்சம் வலது"ன்னு மட்டும் சொல்லாதம்மா.