ஒரு சீட்டு அகலம்

எனக்குக் கை சீக்கிரம் சில்லிட்டுவிடும், அத்தான். அதனால் சீட்டுக்கட்டைத் தொடுவதற்கு முன் வெந்நீரில் கை கழுவிக்கொள்வேன். அன்று மதியம் உங்கள் வீட்டுச் சமையலறையிலும் அதைத்தான் செய்தேன். அக்கா அந்தச் சீட்டைத் தானாகத்தான் எடுத்தாளா, நான் எடுக்க வைத்தேனா என்று நேற்று கேட்டீர்கள். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

தம்பிக்குச் சிறுநீரகம் வேண்டியிருந்தது. அக்காவுடையதும் என்னுடையதும் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னார். சீட்டு எடுத்துப் பார்ப்போம், சிவப்பு வந்தால் நான் கொடுக்கிறேன், கறுப்பு வந்தால் நீ கொடு என்றது நான்தான். இருபது வருடமாகச் சீட்டு வித்தை காட்டிப் பிழைப்பவன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அக்கா புதுக் கட்டு வாங்கிவந்தாள். தானே கலைத்தாள். என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள்.

"உன்னை நம்புவேன்டா. உன் கையைத்தான் நம்ப மாட்டேன்."

பால் காய்ச்சிக்கொண்டிருந்த நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

எல்லாரும் சட்டைக் கையைத்தான் பார்ப்பார்கள். நான் கட்டை வாங்கும்போதே அடிச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன், கறுப்பு. அதை நடுவுக்குக் கொண்டுவந்து, சுண்டுவிரல் நுனியால் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, விசிறிபோல விரித்து நீட்டினேன். எடுக்க வரும் விரலுக்கு நேரே அந்தச் சீட்டு வர வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

அக்கா என் கையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "பாப்பா எழுந்துட்டாளா?" என்றேன். பாப்பா தூங்கிய அறைப் பக்கம் திரும்பினாள். கை மட்டும் நீண்டபடி இருந்தது.

எடுத்த கறுப்புச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலையே?"

"உன் கையாலதானே எடுத்தே?"

அது பொய் இல்லையே.

கொடுத்தால் ஆறு வாரம் மேடை ஏறக் கூடாதாம். எனக்கோ அப்போது அடுத்த மாதம் முழுக்க நிகழ்ச்சிகள் இருந்தன. அக்காவுக்கு வீட்டிலேயே தையல் வேலை, ஓய்வெடுத்துக்கொள்ளலாம். யோசித்துத்தான் செய்தேன். தம்பி இன்று நன்றாக நடமாடுகிறான். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அக்காவுக்கு ரத்தக்கசிவு வரும் என்று யார் கண்டது? நீங்கள் போன் செய்தபோது மேடையில் இருந்தேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்கா என்றால் எனக்கு உயிர், அத்தான். அதனால் இதையும் மறைக்கவில்லை. அவள் விரல் முதலில் பக்கத்துச் சீட்டைத்தான் தொட்டது. எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், சிவப்பு. அவள் விரல் பட்டதுமே நான் விசிறியை ஒரு சீட்டு அகலம் நகர்த்தியிருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றபடி அவளாகத்தான் எடுத்தாள்.