தொட்டால் தெரிகிறதா என்று கேட்ட டாக்டர்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கோதண்டபாணி ஐயா அவர்களே! என் மகளின் அறுந்த நரம்பை ஒட்டுப்போட்டுத் தந்த டாக்டர் வத்ஸலா அம்மா அவர்களே! பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்களே, பெற்ற வயிற்றின் பாடறிந்த தாய்மார்களே! பின்சுவரோரம் நிற்கும் திருநங்கைச் செல்வங்களே... முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் கண்ணுங்களா! அனைவருக்கும் இந்தக் கமலவேணியின் வணக்கம்.

என் கடைக்குட்டி புவனேஸ்வரி. மகனாகப் பிறந்தாள், மகளாக வாழ்கிறாள். இரண்டாயிரத்து நான்கு, ஆவணி மாதம், வெளியூர் மருத்துவமனை ஒன்றில் பெண்ணாக மாறும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். புண் ஆறியது; அந்த இடத்தில் உணர்ச்சி வரவில்லை. வெந்நீர் பட்டுக் கொப்புளம் எழும்பியும் அவளுக்குத் தெரியவில்லை. பார்த்து அலறியவள் நான்!

அறுவை செய்த டாக்டரிடமே ஓடினோம். என்ன சொன்னார் தெரியுமா? "பார்க்க நல்லாத்தானே இருக்குது? உணர்ச்சி எதுக்குமா உங்களுக்கு?"

எதற்கா? தோல் எதற்கு? தொடுதல் எதற்கு? உடம்பு என்று ஒன்றுதான் எதற்கு? இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. கைதட்டாதீர்கள், இன்னும் திட்டி முடிக்கவில்லை! சரி, நல்ல நாளில் அவர் பேச்சு வேண்டாம்.

வத்ஸலா அம்மாவிடம் போனோம். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தொட்டா தெரியுதாடா கண்ணு?" இதைக் கேட்கவும் ஒருவர் இருக்கிறாரே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

முதல் அறுவையிலேயே நரம்பு அறுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, தலைமுடியிலும் மெல்லிய நூலால் ஏழு மணி நேரம் தைத்தார். வெளியே வந்தவரை மறித்தேன்.

"அறுந்த ரெண்டு முனையும் கிடைச்சுதாமா?"

"கிடைச்சுது ஆயா. எட்டலை. கெண்டைக்கால்லேர்ந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து நடுவுல வெச்சிருக்கேன்."

நெசவுக்காரி எனக்கா புரியாது? தறியில் பாவு இழை அறுந்து எட்டாமல் போனால், நாமும் துண்டு இழை சேர்த்துத்தானே முடிகிறோம்!

அங்கேதான் தப்புச் செய்தேன். முடிந்த இழையை இழுத்துப் பார்ப்பது நம் கைப்பழக்கம். பத்தாம் நாள், "காலை நல்லா நீட்டுடீ, முடிச்சு நிக்குதா பார்க்கலாம்" என்றேன். பாய்ந்து வந்தார் டாக்டர்!

"ஆயா, இது பாவு இல்ல! இழுத்தா போச்சு! நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். சும்மா இருங்க!"

சும்மா இருந்தேன். சுமந்ததும் பத்து மாதம். காத்திருந்ததும் பத்து மாதம்.

ஒரு காலையில் கத்தினாள்: "அம்மா! எறும்பு கடிச்சிடுச்சு! அங்கதாம்மா! எரியுதும்மா!" சிரித்துக்கொண்டே அழுதாள். எறும்புக்குச் சர்க்கரை வைத்து நன்றி சொன்னவர் உண்டா? நான் வைத்தேன்!

வந்திருக்கும் இளம் டாக்டர்களே! அழகாகத் தையுங்கள், ஆனால் கத்தி வைக்குமுன் நரம்பைத் தேடுங்கள். தேடிக் காப்பாற்றுங்கள். தப்பி அறுந்தால் விட்டுவிடாமல் சேர்த்துத் தையுங்கள். உருவம் தந்தால் ஊர் பார்க்கும். உணர்வு தந்தால்தான் என் பிள்ளை வாழ்வாள்!

வத்ஸலா அம்மா, நான் அவளைப் பெற்றேன். அவள் உடம்பை அவளுக்கே கொடுத்தவர் நீங்கள். உங்கள் பத்து விரலுக்கும் என் நன்றி. பொறுமையாகக் கேட்ட இந்தச் சபைக்கு என் கும்பிடு!