கொடுவா பிடித்தவர் ரீல் வாங்க வந்தார்

கமலவேணி: ...இதுவும் வேணாமா? நாலாவது தூண்டில் ரீலு தம்பி இது. பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்ட நீ.

ஜூலி: யோசிக்கவே இல்லக்கா. பஜ்ஜியைத் தின்னுட்டு சரின்னுட்டாரு.

ஆனந்த்: நீ சும்மா இரு ஜூலி. அக்கா, இந்தக் கறுப்புக்கும் சிவப்புக்கும் என்னா வித்தியாசம்? அதை மட்டும் சொல்லுங்க.

கமலவேணி: கறுப்பு நிதானம். கைப்பிடியை ஒரு சுத்து சுத்துனா உள்ள உருளை ஆறு சுத்து வரும். சிவப்பு வேகம். எட்டு சுத்து.

ஆனந்த்: அப்ப சிவப்பு.

கமலவேணி: இரு, பறக்காத. வேகம் கூடுனா இழுக்குற பலம் கொறையும். அன்னிக்கு மாட்டுச்சே ஏழு கிலோ கொடுவா மீனு, அது மாதிரி இன்னொண்ணு மாட்டுச்சுன்னா சிவப்புல கை கழண்டுடும். ஆமா, உனக்கு நான் சொல்லணுமா... நீதான் புடிச்சவனாச்சே.

ஆனந்த்: ...ம்.

கமலவேணி: கருவடிக்குப்பத்துல நீ மீனோட நிக்கிற அந்தப் போட்டோ வராத ஃபோனு இல்ல. இனிமே உன்னை பிரெஞ்சுக்காரத் தொரை மாதிரி முசேன்னுதான் கூப்பிடணும். கோயில்ல ஃபாதர்கூட பாத்தாராமே?

ஜூலி: பூசை முடிஞ்சதும் கூப்ட்டு, ‘மீன் புடிச்ச பேதுருவுக்குத் தம்பி நம்ம பங்குல இருக்கான்’னு சொல்லிக் கையைக் குலுக்குனாருக்கா.

கமலவேணி: யாரு கையை?

ஜூலி: ...அவரு கையைத்தான்.

ஆனந்த்: அக்கா, எட்டைவிட வேகமா எதுனா இருக்கா?

கமலவேணி: யாரை முந்தணும் உனக்கு?

ஆனந்த்: யாரை... அந்தக் கோபிநாத்தைத்தான். அரியாங்குப்பத்துக்காரன். ஞாயித்துக்கிழமை தூண்டில் போட்டிக்கு வர்றான்ல.

கமலவேணி: கோபிநாத்தா! அவனுக்கு மீனு வாயில தூண்டில் மாட்டுறதைவிட சொந்தச் சட்டையில மாட்டுறதுதான் ஜாஸ்தி. அவனைப் பாத்தா உனக்குப் பொறாமை?

ஆனந்த்: பொறாமையா? எனக்கா?

ஜூலி: சேச்சே. அவருக்குப் பொறாமையே தெரியாதுக்கா. மூணு வாரமா தூக்கம்தான் வரல.

ஆனந்த்: உன்னை யாரு கேட்டா?

கமலவேணி: சரி சரி, கடையில வேணாம். வலது கைப்பிடியா, இடது கைப்பிடியா? ஸ்பின்னிங் ரீலு மாதிரி இதுல கழட்டி மாத்த முடியாது. வாங்குறப்பவே முடிவு பண்ணணும்.

ஜூலி: இடது குடுங்கக்கா.

ஆனந்த்: உனக்கெப்படித் தெரியும்?

ஜூலி: அது... வலது கையால வீசிட்டு, கையை மாத்தாம இடதுல சுத்தலாம்ல. உங்களுக்காகத்தான் சொன்னேன்.

ஆனந்த்: எனக்கு வலதே போதும்.

கமலவேணி: கட்டின பொண்டாட்டி சொல்லிட்டான்னு மாத்திக்கிறியா? போகட்டும். உங்கிட்டதான் ஏற்கெனவே இதே மாதிரி ஒரு பெயிட்காஸ்டர் ரீலு இருக்கே, அதுக்கென்னா கேடு?

ஆனந்த்: நூலு பொங்குது. ஈயக்குண்டு தண்ணியில விழுந்தப்புறமும் உருளை நிக்காம சுத்துது. எடுத்துப் பாத்தா குருவிக்கூடு.

கமலவேணி: அதுலதானே ஏழு கிலோவை எடுத்த?

ஆனந்த்: அன்னிக்குப் பொங்கல.

கமலவேணி: அன்னிக்கு மட்டும்?

ஆனந்த்: அன்னிக்கு மட்டும்.

கமலவேணி: ம்ம்... நல்ல நாளுதான். அப்ப காந்த பிரேக் வெச்சது பாரு, இந்தா. பக்கத்துல இருக்குற திருகைப் பத்து வரைக்கும் திருப்பலாம். நூலு பொங்காம அதுவே புடிச்சுக்கும்.

ஆனந்த்: பத்துலயே வெச்சுக் குடுங்க.

கமலவேணி: பத்துல வெச்சா குண்டு உன் கால் மேலயே விழும். காந்தம் பாதிதான் பாக்கும் தம்பி, மீதியை உன் கைக் கட்டை விரல் பாக்கணும். போட்டி விதி தெரியும்ல? முகத்துவாரத்துல எல்லாரும் பாக்க நிக்கணும். ஒரு ஆளு, ஒரு ராடு. நடுவுல வேற கை பட்டா அந்த மீனு செல்லாது.

ஆனந்த்: தெரியும்... தெரியும். அதை ஏன் எல்லாரும் எங்கிட்டயே சொல்றீங்க?

கமலவேணி: எல்லாருன்னா? நான் ஒருத்திதானே சொன்னேன்! சரி, ராடுல மாட்டியாச்சு. சந்துல நின்னு ஒரு வீசு வீசிப் பாரு. வெறும் ஈயக்குண்டுதான், ஊசி கட்டல. பயப்படாத.

ஆனந்த்: தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும். ஒண்ணு... ரெண்டு...

கமலவேணி: அய்யய்யோ!

ஜூலி: குண்டு எங்கக்கா?

கமலவேணி: இங்கதான், என் செருப்பாண்ட கெடக்கு. நூலைப் பாரு... இடியாப்பம். தேங்காப்பால் ஊத்துனா தின்னுடலாம்.

ஆனந்த்: ரீலு சரியில்லக்கா.

கமலவேணி: ஆமா, எங்கடை ரீலுக்கு உன்னைக் கண்டா ஆகாது.

ஜூலி: இப்படிக் குடுங்க.

ஆனந்த்: நீ தொடாத.

ஜூலி: இழுக்காதீங்க, இறுகிடும். விரலை அழுத்திக்கிட்டு... மெல்லமா ஒரு சுத்து... வந்துடுச்சு பாருங்க.

கமலவேணி: அடேங்கப்பா! நான் கத்திரிக்கோலு எடுக்கப் போனேன்.

ஜூலி: தையல் மிஷின்ல பாபின் கேஸ் இல்லியாக்கா, அது மாதிரிதான். நூலைப் புடிச்சுத் தொங்கவிட்டா கேஸு மெதுவா எறங்கணும். சடார்னு விழுந்தா லூசு, அப்படியே நின்னா டைட்டு. இங்கயும் குண்டைத் தொங்கவிட்டுப் பாக்கணும். தரையைத் தொட்டதும் உருளை நிக்கணும். இவரு அதைப் பாக்காமயே வீசுறாரு.

ஆனந்த்: நாலு ஜாக்கெட்டு தெச்சவ எனக்கு ரீலு சொல்லித் தர்றா. கேட்டுக்குங்க.

ஜூலி: நாலா? போன கிறிஸ்மஸுக்கு மட்டும் நாப்பத்திரெண்டு.

ஆனந்த்: தட்டாஞ்சாவடியில லேத்து ஓட்டுறேன் நான். இந்த உருளை மாதிரி தினம் இருநூறு கடைஞ்சு போடுறேன்.

கமலவேணி: கடையுறது வேற, வீசுறது வேற தம்பி. ஜூலி, நீ ஒண்ணு வீசு பாப்போம்.

ஆனந்த்: வேணாம்.

கமலவேணி: ஏன்? ரீலு என்னுது. சந்து கவர்மென்ட்டுது.

ஆனந்த்: புடவையைக் கட்டிக்கிட்டு எப்படிக்கா வீசுவா?

ஜூலி: சுடிதாருங்க. காலையிலேர்ந்து சுடிதார்லதான் இருக்கேன்.

கமலவேணி: வீசும்மா.

ஜூலி: ம்... தள்ளிக்குங்க.

கமலவேணி: பைப்படிக்கு அந்தாண்டை! யாரோ வெச்ச குடத்துல போய் டொங்குன்னுச்சு. கேட்டுச்சா தம்பி?

ஆனந்த்: கேட்டுச்சு.

கமலவேணி: நூல்ல ஒரு சிக்கு இல்ல பாரு.

ஆனந்த்: கேட்டுச்சுன்னு சொன்னேனேக்கா!

கமலவேணி: கத்தாத. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் வாயிலேர்ந்து வெளிய போவாது.

ஜூலி: நீங்க வெளிய போவாதுன்னு சொன்னதெல்லாம் லாஸ்பேட்டை தாண்டிப் போயிருக்குக்கா.

கமலவேணி: அந்தக் கொடுவாவை யாரு புடிச்சது?

ஆனந்த்: ...எங்க வீட்டு மீனு.

கமலவேணி: வீட்டுல யாரு?

ஜூலி: விடுங்கக்கா.

ஆனந்த்: நீ எனக்குப் பரிஞ்சு பேசாத. அதுதான் தாங்க முடியல... பதினோரு வருஷம்க்கா. ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்ல. பூசைக்குக்கூட போகாம அந்தப் பாலத்தடியில நின்னிருக்கேன். என்னா கெடைச்சுது? கெளுத்தி. நண்டு. ஒரு தடவை இடது கால் செருப்பு. அன்னிக்கு சூப்பர்வைசர் ஃபோனு பண்ணான். ‘கொஞ்சம் புடி’ன்னு இவ கையில ராடைக் குடுத்துட்டுத் தள்ளிப் போனேன். மூணு நிமிஷம். திரும்பிப் பாத்தா ராடு வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. இவ பதறக்கூட இல்ல. கட்டை விரலை வெச்சுக்கிட்டு மெஷினு ஓட்டுற மாதிரி நிக்கிறா.

கமலவேணி: அப்புறம் எப்படி போட்டோவுல நீ?

ஜூலி: இவரு முகத்தை நீங்க பாக்கலக்கா. மீனைவிட அதுதான் மூச்சு வாங்குச்சு. மனசு கேக்கல. நான்தான் இவரு கையில தூக்கிக் குடுத்து, சிரிங்கன்னு சொல்லி எடுத்தேன்.

ஆனந்த்: நீ ஏன் குடுத்த?

ஜூலி: நீங்க ஏன் வாங்குனீங்க?

கமலவேணி: அப்ப கோபிநாத்து?

ஆனந்த்: அவன் கெடக்குறான். கண்ணை மூடுனா இவ கட்டை விரல்தான்க்கா தெரியுது.

கமலவேணி: ஊரே வந்து நிக்குமே தம்பி ஞாயித்துக்கிழமை... என்னா பண்ணப் போற?

ஆனந்த்: காய்ச்சல்னு சொல்லிடலாம்னு பாத்தேன். வேணாம்... ஒண்ணு பண்ணுங்க. போட்டி லிஸ்டு உங்ககிட்டதானே இருக்கு? என் பேரை அடிச்சுட்டு இவ பேரைப் போடுங்க. நாலு பேரு பாக்க இவளும் நிக்கட்டும். மூணு நிமிஷ அதிர்ஷ்டம் தினம் வராதுன்னு அவளுக்கும் தெரியட்டும். எனக்கும்... கொஞ்சம் தூக்கம் வரட்டும்.

கமலவேணி: பேரா... அது வந்து... லிஸ்டுல...

ஆனந்த்: என்னா லிஸ்டுல?

கமலவேணி: நான் கடைக்காரி தம்பி. அடுத்தவங்க வீட்டு விஷயத்துல தலையிடுற பழக்கமே எனக்குக் கெடையாது. ஜூலி, நீயே சொல்லிடு.

ஆனந்த்: என்னா சொல்லணும்?

ஜூலி: என் பேரை திங்கக்கிழமையே குடுத்துட்டேங்க. அப்புறம்... அது அதிர்ஷ்டம் இல்ல. புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து, நீங்க வேலைக்குப் போனதும் உங்க ராடை எடுத்துக்கிட்டு நான் பாலத்தடிக்குப் போறேன். அந்த ஏழு கிலோ எனக்கு நாலாவது கொடுவா. முதல் மூணையும் பெரிய மார்க்கெட்டுல வாங்கினேன்னு சொல்லித்தான் உங்களுக்குக் கொழம்பு வெச்சேன்... ‘புடிச்சவன் குடுத்து வெச்சவன்டி’ன்னு சொல்லிச் சொல்லி மூணு தடவையும் நீங்கதான் சட்டியை வழிச்சீங்க.