ஒற்றை நட்சத்திரப் பெட்டி

பால் ஊத்தாத இந்தத் தே ஓ நல்லா இருக்கு சார். சீனி கம்மியாப் போட்டிருக்காங்க. எனக்கு இப்படித்தான் பிடிக்கும்.

நான் நாகையா. கிள்ளான்ல அந்தக் காலேஜ்ல இருபத்தோரு வருசமா மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பிள்ளைங்க அங்கிள்னு கூப்பிடுவாங்க. சம்சாரம் போனப்புறம் வீட்டுல பேச ஆள் இல்ல. அப்பத்தான் இந்த ஜியோகேஷ் விளையாட்டைப் பிடிச்சிக்கிட்டேன். சின்னப் பெட்டிக்குள்ள நோட்டு வெச்சு எங்கயாவது ஒளிச்சிட்டு, இடத்தை ஆப்ல போடணும். தேடி வர்றவங்க நோட்டுல பேர் எழுதிட்டு, பெட்டியை அங்கேயே வெச்சிடணும். போற தரை எவ்வளவு கஷ்டம்னு ஒளிச்சவங்கதான் நட்சத்திரம் போடணும். அஞ்சுன்னா ஆபத்து. ஒண்ணுன்னா வீல்சேர்கூடப் போகும்.

கேம்பஸ்ல ஆறு பெட்டி ஒளிச்சேன். ஆறுலயும் முதல் பேர் யுகேந்திரன். லெக்சரர், முப்பது வயசு இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆப்ல எல்லாரும் பாக்க எழுதுவான், 'ரொம்ப ஈஸி லா அங்கிள்.' ஆறாவது தடவை, 'அங்கிளுக்குக் குழாய் மாத்தத்தான் தெரியும்.' பிள்ளைங்க எல்லாம் கீழ சிரிப்புப் போட்டிருந்தாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது சார். மறைக்கல.

லைப்ரரிக்குப் பின்னால மழைத்தண்ணி இறங்குற குழி ஒண்ணு இருக்கு, பன்னெண்டு அடி. இரும்பு மூடியை எவனோ திருடி பழைய இரும்புக்குப் போட்டுட்டான். நான்தான் பலகை போட்டு சிமெண்ட் கலர் அடிச்சு வெச்சேன். ஏழாவது பெட்டியை அதுக்கு அந்தப் பக்கம் குழாய்ல ஒட்டினேன். பலகையைத் தாங்கின ரெண்டு கட்டையைக் கழட்டினேன். எச்சரிக்கைக்கு வெச்சிருந்த சிவப்புக் கோனை எடுத்து ஸ்டோர்ல வெச்சேன். ஆப்ல ஒரு நட்சத்திரம் போட்டேன். அஞ்சு போட்டா யுகேந்திரன் பாத்துப் பாத்துல்ல கால் வைப்பான்.

அன்னிக்கு மத்தியானம் மழை விட்டதும் ஸ்டோர் வாசலுக்குத் தாமரை வந்துச்சு. ரெண்டாவது வருசம், வீல்சேர்ல இருக்கிற பிள்ளை. அவங்கப்பா பண்டமாரான்ல லோரி ஓட்டுறவரு, தினம் காலையில கொண்டாந்து விட்டுட்டுப் போவாரு.

"அங்கிள், ஒரு ஸ்டார் போட்டிருக்கீங்க. மத்த ஆறு இடத்துக்கும் என்னால போக முடியல. இது எனக்காகவா?"

நான் ஸ்பானரைத் துடைச்சு மாட்டினேன்.

"நெசமா வீல்சேர் போகுமா? யுகேந்திரன் சார் கிளாஸ் முடிச்சு வரதுக்குள்ள என் பேரை முதல்ல எழுதிடணும் அங்கிள்."

போகாதுன்னு சொன்னா ஏன்னு கேக்கும். நான் என்ன பதில் சொல்றது? எனக்கு வேற வழி இல்ல சார்.

"போகும்மா"ன்னேன். "தரை ஈரமா இருக்கு, மெதுவாப் போ."

பலகை விழுந்த சத்தம் கேட்டுச்சு. அங்கிள்னு ரெண்டு தடவை கூப்பிட்டுச்சு. கயிறு ஸ்டோர்லதான் இருந்துச்சு, எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு அங்கேயே நின்னேன். இருபது நிமிசம் கழிச்சு யுகேந்திரன் வந்தான். பாத்ததும் சட்டையோட குழிக்குள்ள குதிச்சான். அப்பத்தான் கயிறை விட்டேன். தூக்கிட்டு மேல வரப்போ பிள்ளைக்கு மூச்சு இல்ல. அவன் தலையில அடிச்சிக்கிட்டு அழுதான். அவனுக்காக வெச்சதுன்னு அவனுக்கு இன்னும் தெரியாது.

கட்டையைக் கழட்டினது நான். பிள்ளையை அனுப்பினதும் நான். வாக்குமூலத்துல எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க.

ஆனா இதையும் எழுதிக்குங்க சார். ஆம்புலன்ஸ் போனதும் முதல் வேலையா ஆப்பைத் திறந்து அந்த ஒரு நட்சத்திரத்தை அஞ்சா மாத்திட்டேன். அடுத்து வர்ற பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது பாருங்க. இந்த இருபத்தோரு வருசத்துல பாதுகாப்பு விசயத்துல என்னை யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது.