சாவி அவருடையது

ஆங்கிலத்தில் எல்லோரும் பெரிய பெரிய வார்த்தைகளுக்குத்தான் பயப்படுகிறார்கள், மேடம். உண்மையில் ஆளின் காலை வாரிவிடுவது என்னுடையது, உன்னுடையது, அவருடையது என்கிற சின்ன வார்த்தைகள். சங்கரன்கோவிலில் வீட்டு முன்னறையிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிற என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். துபாய்க்குப் போகிறவனும் அதில்தான் வழுக்குவான், நர்ஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவளும் அதில்தான் வழுக்குவாள்.

கைடு புத்தகங்களில் 'இது என் பேனா' என்று போட்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பேனா யாருடையதாக இருந்தால் யாருக்கு என்ன? நான் பழைய ஆங்கில நாவல்களிலிருந்து வாக்கியங்களை எடுத்துப் போர்டில் எழுதுவேன். அந்த நாவல்களில் வீடு, தோட்டம், பெண், சாவி எல்லாமே யாருக்காவது சொந்தமாக இருக்கும். 'தி கீ இஸ் ஹிஸ்', சாவி அவருடையது. 'தி ஃபால்ட் இஸ் மைன்', தவறு என்னுடையது. 'ஐ ஆம் யுவர்ஸ்', நான் உங்களுடையவள். வகுப்பு மொத்தமும் சேர்ந்து உரக்கச் சொல்லும். அதைக் கேட்கிற சுகமே தனி.

என் மனைவி ராஜகுமாரியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? அதற்குத்தான் வருகிறேன். அவளுடைய அண்ணன் மருதப்பன் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்து, நான் அவளைக் கொடுமைப்படுத்தினேன் என்று உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறான். அதில் பாதிதான் சரி. நான் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அவள் தப்பாகப் பேசினால் திருத்துவேன், அவ்வளவுதான். தமிழில் பேசினாலும் திருத்துவேன். ஆசிரியனுக்கு அது ஊறிப்போன பழக்கம். போன ஆடியில் ஒரு நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் வாயத் தொறந்தாலே திருத்துதிய. எனக்குப் பேசுத ஆசையே அத்துப்போச்சு. தபசுக் காட்சி முடிஞ்சதும் அண்ணன்கூட ஊருக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால், கடைசி நாள் தபசுக் காட்சி வரைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், அவள் கால்வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம் என்று கோயிலை வலம் வந்துகொண்டே இருப்பார்கள். வெறும் வயிற்றோடு சுற்றி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. மோரைக் கொடுத்து நிழலில் உட்கார வைப்பார்கள். யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை.

ராஜகுமாரியும் சுற்றினாள். காப்பி வைத்த அன்று சுற்று முடித்து வந்து உள்அறையில் உட்கார்ந்தாள். நான் மருதப்பனுக்கு போன் போட்டு, "ஆடிச்சுற்றுல மயக்கம் போட்டுட்டா, படுத்திருக்கா" என்றேன்.

"அம்மன் பாத்துக்கிடுவா மாப்ள. மோர் குடுங்க. தபசுக்கு வந்து பாத்துக்கிடுதேன்" என்றான்.

கூடப் பிறந்தவனே அப்படிச் சொன்னால் நான் மட்டும் ஏன் பதற வேண்டும்? அன்று சாயங்காலம்தான் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். காலையிலேயே வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவளுக்குப் புரியும், திருப்பிச் சொல்ல வார்த்தை வராது. வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும்.

அதற்குப் பிறகு என்னைப்போல் பார்த்துக்கொண்டவன் இந்த ஊரில் கிடையாது. கேட்டுப் பாருங்கள். குளிப்பாட்டினேன், தலை பின்னிவிட்டேன், சோற்றைக் குழைத்து ஊட்டினேன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் கூட்டிப் போகச் சொன்னார்கள். தண்ணீர், பசி, வலி, அண்ணன், அம்மா, இப்படி வீட்டு வார்த்தைகளில் தொடங்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். இரண்டாவது தடவை போனபோது ராஜகுமாரி "அண்..." என்று பாதி சொல்லிவிட்டாள். பயிற்சிப் பெண் கைதட்டினாள். அதன்பிறகு கூட்டிப் போகவில்லை.

நான் இருக்கும்போது வேறு வாத்தியார் எதற்கு? வீட்டிலேயே ஆரம்பித்தேன், ஆங்கிலத்தில். கரிவலத்தில் அவள் ஆட்கள் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அதை யோசித்துத்தான் செய்தேன், மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான், அதே நாவல் வாக்கியங்கள். ஒரு வார்த்தை வர ஒரு வாரம் கூட ஆகும். பொறுமையாக வாயசைத்துக் காட்டுவேன். கார்த்திகை வாக்கில் 'ஐ ஆம் யுவர்ஸ்' என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் சொல்லாத சொல். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

தங்கைக்குப் பொங்கல் படி கொண்டுவந்த மருதப்பன் முன்னாலும் சொல்ல வைத்தேன். அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி ராஜி, மாப்ள ஒன்ன இங்கிலீசே பேச வச்சிட்டாரே!" என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து 'கீ, கீ' என்றாள். குருவி மாதிரி கத்துகிறாள் என்று அவன் சிரித்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

ஹஸ்னா பானுவை உங்களுக்குத் தெரியும், மருதப்பனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நேற்று உங்களிடமும் வாக்குமூலம் கொடுத்தவள். கடையநல்லூர்ப் பெண், நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக என்னிடம் ஒரு வருஷமாகப் படிக்கிறாள். போன வாரம் வகுப்பு நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். ராஜகுமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கதவைக் காட்டி, 'தி கீ இஸ் ஹிஸ்' என்றாள். தன் கோணல் வாயைத் தொட்டாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, விரலை மெதுவாக ஒரு வட்டம் சுற்றினாள். பிறகு சொன்னாள்: 'தி ஃபால்ட் இஸ் ஹிஸ்.' தவறு அவருடையது.

"பாடம் ஒப்பிக்கா, நீ வா" என்றேன்.

ஹஸ்னா பானு அசையவில்லை. "இது பாடம் இல்ல ஸார். தவறு என்னுடையதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திய. அக்கா மாத்திச் சொல்லுதாவ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவுக்கு வாய் கோணும்போது கதவு பூட்டியிருந்திச்சா ஸார்?" என்றாள்.

அவளை வகுப்புக்குப் போகச் சொன்னேன். பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

பூட்டியிருந்தது. சுற்று முடித்து வந்தவளுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்ததையும், கை தொங்கியதையும் பார்த்தேன். அது மயக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. தாமதமாகக் கொண்டுபோனதற்கு அன்றைக்கு டாக்டர் என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார். நேரம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொண்டவன் நான். பையில் அவள் சேலைகளை அடுக்கி வைத்திருந்ததையும் பார்த்தேன். வெளியே வந்து பூட்டினேன், போன் போட்டேன், காலை வகுப்பை எடுத்தேன். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முதல் பெஞ்சில் ஹஸ்னா பானு தலையைத் திருப்பினாள். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். 'தி கீ இஸ் ஹிஸ்' என்று எல்லோரும் கத்தினார்கள். தட்டுவது நின்ற பிறகும் இரண்டு வகுப்பு எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டேன். போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வேறு எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை, மேடம்.

எழுதிக்கொண்டீர்களா? இன்னும் ஒன்று. 'தி ஃபால்ட் இஸ் ஹிஸ்' என்ற வாக்கியத்தை நான் சொல்லித் தரவில்லை. அவளே அமைத்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்த ஒருவரும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்ததில்லை. கேட்டபோது, மாட்டிக்கொண்டோம் என்று தோன்றுவதற்கு முன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மருதப்பன் அவளைக் கரிவலத்துக்குக் கூட்டிப் போய்விட்டான் என்றார்கள். அங்கே அவள் என்ன சொன்னாலும் யாருக்கும் புரியாது. யாருடையது என்று சொல்ல மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது என்று கேட்கிற பாடத்தை நான் இன்னும் தொடங்கவில்லை. நாக்கு வறண்டு கிடந்தாலும் அவள் சாவியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பாள். தயவுசெய்து அவளை என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவள் பேச்சைப் புரிந்துகொள்ள என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?