வேர்க்காத பெண்

கத்திரி வெயிலில் கம்பெனி பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இருந்தவள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "நேத்து எம் பொண்ணு மேல பதினோரு பேரு தண்ணி ஊத்தியிருக்காங்கக்கா" என்றாள்.

"ஏன், என்ன சண்டை?"

"சண்டையில்ல. பொறந்ததிலேருந்தே அதுக்கு வேர்க்காது. லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற வியாதியாம். வெயில்ல ஒடம்பு கொதிச்சா உசுருக்கே ஆபத்து, நனைச்சிகினே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானும் எம் வூட்டுக்காரரும் வேலைக்குப் போயிடறோமே. எங்க குவார்ட்டர்ஸ் பிளாக்குல எல்லார்கிட்டயும் சொல்லி அழுதேன். இப்ப ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்ககூட அது மேல ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் வூட்டுக்குள்ள போறாங்க."

"நல்ல ஜனங்க."

"நல்லவங்கதான், ஆனா அவசரக்காரங்க. நேத்து புதுசா குடிவந்த இன்ஜினீயர் வூட்டுப் பொண்ணையும் எம் பொண்ணுன்னு நெனச்சு நனைச்சுட்டாங்க. அந்தம்மா கோவமா வந்தாங்க."

"திட்டினாங்களா?"

"விஷயத்தச் சொன்னதும் அவங்களே போயி எம் பொண்ணு மேல ஒரு சொம்பு ஊத்தினாங்க. 'போதும்மா, குளிருது'ன்னு அது ஒரே அழுகை."

"பாவம்."

"இந்த வெயில்ல நெய்வேலியிலயே குளிருதுன்னு அழுவுறது எம் பொண்ணு ஒருத்திதான். அதைக் கேட்டப்புறந்தான் நேத்து எனக்குச் சோறு எறங்குச்சு."