நான்கு கேமரா வீடு

இந்த அறையில் கேமராவை மாட்டியிருக்கும் இடம் சரியில்லை, ஐயா. எனக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுப்பாகத்தான் விழும். பிறகு யாராவது போட்டுப் பார்த்தால், பேசுவது நான்தானா என்றே சந்தேகம் வரும். எதிர்ச் சுவரில், கதவுக்கு மேலே மாட்டியிருக்க வேண்டும். பரவாயில்லை, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

பதினோரு வருடமாக இதுதான் என் தொழில். ஒயர் இழுப்பது, ரெக்கார்டரில் ஒவ்வொரு கேமராவையும் சேர்ப்பது, நெட்டில் இணைத்து வீட்டுக்காரர் போனில் படம் வரவைப்பது, எல்லாம் நானே செய்வேன். கூட ஆள் வைத்துக்கொள்வதில்லை. அடுத்தவர் செய்த வேலையில் எனக்குத் திருப்தி வராது.

டெலிபோன் அம்மா வீட்டில் நான்கு கேமரா மாட்டினேன். வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. கணவர் இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில். ஏற்பாடு செய்தது மகன்தான். அம்மாவுக்கு அதில் அவ்வளவாக விருப்பமில்லை. நான் ஏணியில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தபோது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீழே நின்றார்.

"பாத்ரூமை விட்டுட்டியேப்பா. அங்கயும் ஒண்ணு மாட்டிடு. அம்மா நல்லா தேய்ச்சுக் குளிக்கிறாளான்னு பையன் பார்த்துக்கட்டும்."

நான் சிரித்துவிட்டேன். வாடிக்கையாளர் வீட்டில் நான் சிரிப்பது அபூர்வம்.

ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரருக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுப்பேன். எனக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்வேன். பழுது என்று கூப்பிட்டால் போகாமலே சரி செய்யலாம். இதைப் போய்த் தப்பென்று சொல்ல முடியாது. மாட்டி முடித்ததும் ஒரு வாரம் படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

காலை ஏழு மணிக்கு டெலிபோன் அம்மா ஹால் கேமராவுக்கு நேரே வந்து நின்று கையசைப்பார். "எழுந்துட்டியா? சாப்பிட்டியா? இங்க ஒரே புழுக்கம்" என்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். மகனிடம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. யார் எப்போது உள்ளே வந்து படம் பார்த்தார்கள் என்பதை ரெக்கார்டர் குறித்து வைக்கும். மகன் முதல் வாரம் ஆறு தடவை பார்த்திருந்தார். இரண்டாம் வாரம் ஒரு தடவை. அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு வயதான மனுஷி தினமும் கையசைக்கிறார். அந்தப் பக்கம் ஒருவருமில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏழு மணிக்குப் போனைத் திறந்து வைத்துக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். அப்புறம் மத்தியானமும் ஒரு பார்வை. அப்புறம் வேலைக்கு நடுநடுவே. ஒரு நாள் நான் போனைப் பார்த்துக் கையசைப்பதை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"யாருக்கு டாட்டா காட்டுறீங்க?"

"கஸ்டமர் வீடு. டெஸ்ட் பண்றேன்."

"உங்க அம்மா போன் பண்ணாங்க. ரெண்டு வருஷமா வந்து எட்டிக்கூடப் பார்க்கலையாம். ஒரு நடை போயிட்டு வாங்களேன்."

என் அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையுமில்லை. அங்கே ஆள் இருக்கிறது. டெலிபோன் அம்மாவுக்கு என்னைத் தவிர யார் இருந்தார்கள்?

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. அவருக்கு நான் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. பின்கட்டுக் கதவைத் தாழ் போட மறந்தால், ஏதாவது சாக்கில் போன் செய்து, "கதவெல்லாம் சாத்தியிருக்கீங்களாம்மா?" என்பேன். அவர் போய்த் தாழ் போடுவார். இது கண்காணிப்பா, அக்கறையா? நீங்களே சொல்லுங்கள்.

வினை மூக்குக்கண்ணாடியில் வந்தது. ஒரு நாள் காலையிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார். மெத்தையைப் புரட்டுகிறார், செருப்பு அலமாரியைக் கிளறுகிறார். கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. சமையலறைக் கேமராவில் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. போன் செய்து, கேமரா விளக்கெல்லாம் எரிகிறதா என்று கேட்டேன். வைக்கும் முன் வாய் தவறிவிட்டது.

"கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேல இருக்கும், பாருங்கம்மா."

போன் ரிசீவரைக் காதில் வைத்தபடி அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி ஹால் கேமராவைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி தொலைஞ்சதை நான் உங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா" என்றார்.

நான் ஏதோ உளறினேன். நான் முடித்ததும் நிதானமாகச் சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க பேச்சு காதுல விழுற வேலை பார்த்தவ நான். விழுந்தாலும் விழாத மாதிரி இருக்கணும், அதான் அங்க முதல் நாள் சொல்லிக் கொடுப்பாங்க. நீ என்னடான்னா வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துட்டே. பையன்கிட்ட சொன்னா பெரிசு பண்ணுவான், உன் பொழப்பு போயிடும். வேண்டாம். வியாழக்கிழமைக்குள்ள வந்து எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடு."

நல்ல மனசு அவருக்கு. அதை நான் எப்போதும் சொல்வேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக் கூப்பிட்டு, ஹால் கேமரா மேல் ஒரு துண்டைப் போடச் சொன்னார். சமையலறையிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்தார்கள். அந்தப் பெண் ஏறும்போதே, "ஸ்டூல் ஆடுதும்மா" என்றாள். "ஒரு கால் குட்டை. நான் புடிச்சுக்கிறேன், நீ ஏறு" என்றார் அம்மா. அப்புறம் அந்தக் கேமராவில் எனக்குத் தெரிந்தது துண்டின் இளஞ்சிவப்பு நூல்தான். சத்தம் மட்டும் வந்தது.

ஐயா, எனக்குக் கோபமில்லை. வருத்தம்தான். ஐந்து மாதம் கண்ணும் கருத்துமாக இருந்தவன் முகத்தில் துணியைப் போட்டு மூடியது போல இருந்தது. வியாழக்கிழமை நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை அவரே போன் செய்தார்.

"நாளைக்குள்ள வரலைன்னா பையன்கிட்ட சொல்லிடுவேன்ப்பா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அவர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். என் தொழிலில் ஒரு வீட்டில் பேர் கெட்டால் அத்தனை வீட்டிலும் கெட்டுவிடும். எல்லோரும் கழற்றச் சொல்வார்கள். எத்தனை பேர் பாதுகாப்பில்லாமல் போவார்கள்? ஒருவருடைய கோபத்துக்காக அத்தனை பேரை விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலைக்காரப் பெண் சொன்னது துண்டு வழியாகவும் தெளிவாகக் கேட்டது. "நாளைக்கு நான் லீவும்மா. பொண்ணு ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்துடுறேன்."

சனிக்கிழமை காலை ஒரு கிடங்கில் வேலையாக இருந்தேன். இருபதடி ஏணி. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். அதில் நான் கறார். பத்தரைக்கு ஏணியில் இருந்தபடியே அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒன்பது நிமிடம் பேசினேன் என்று உங்கள் தாளில் இருக்கிறதே, அது சரிதான்.

"இன்னைக்கு என்னால வர முடியலைம்மா. நீங்களே கழட்டிடலாம், ரொம்ப சுலபம். ஸ்டூல் போட்டு ஏறுங்க. கேமராவுக்குப் பின்னாடி ஒரு ஒயர் வரும், புடிச்சு இழுத்தா போதும், வந்துடும். ஹால்ல ஒண்ணைக் கழட்டினா எல்லாமே நின்னுடும்."

"ஷாக் அடிக்காதே?"

"அதெல்லாம் அடிக்காதும்மா. சின்னப் பிள்ளைகூட தொடலாம்."

"அந்தப் பொண்ணு இன்னைக்கு வரலையே."

"ஒரு நிமிஷ வேலைதாம்மா."

இதில் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு கேமராவைக் கழற்றினால் மற்றவை நிற்காது. அந்த ஒயரின் முனையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை விரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் வெளியே வரும். அழுத்தாமல் எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. அதை நான் சொல்லவில்லை. மறதி இல்லை.

அவர் ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். ஸ்டூலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் துண்டு விலகியது. அவர் முகம் படம் முழுவதும் வந்தது. கண்ணாடி போட்டிருந்தார். சில நாளுக்கு அப்புறம் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன், கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. ஒயரை இழுத்தார். வரவில்லை. "வரலையேப்பா" என்று மேஜைப் பக்கம் திரும்பிச் சொன்னார். "பலமா இழுங்கம்மா" என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

இடுப்பு உடைந்திருக்க வேண்டும். தலையும் சுவரோரம் மோதியது. ஆனால் நினைவு இருந்தது. மணி பத்து நாற்பது. நான் போனை வைத்தேன்.

கொஞ்ச நேரம் முனகினார். மேஜைக்குப் போகப் பார்த்தார், ஒரு முழம்கூட நகர முடியவில்லை. அப்புறம் மல்லாந்து படுத்தபடி நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார். "நீ பார்த்துட்டுத்தான் இருப்பேன்னு தெரியும்ப்பா. யாரையாவது கூப்பிடு. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கோபமே இல்லாமல், அப்பா என்று சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் விழுந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லை. அந்தச் சமயத்தில் பதில் இல்லாத கேள்விக்குள் போக எனக்கு விருப்பமில்லை. கீழே கிடங்கு ஆட்கள் நடமாடினார்கள். அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மகன் போன் செய்தார். பதற்றமாக இருந்தார்.

"அம்மா போன் எப்ப அடிச்சாலும் பிஸின்னே வருது. கேமராவைத் திறக்கலாம்னு பார்த்தா பாஸ்வேர்ட் மறந்து போச்சு. கொஞ்சம் சொல்றீங்களா?"

எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

"அங்க நெட் போயிருக்கு சார். பாஸ்வேர்ட் போட்டாலும் வராது. அம்மாகிட்ட காலையிலதான் பேசினேன், நல்லா இருக்காங்க. ரிசீவரைச் சரியா வைச்சிருக்க மாட்டாங்க."

"அப்படியா? வயித்துல பாலை வார்த்தீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

அவர் அதைச் சொன்னபோது என் இன்னொரு போனில் அம்மா உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் என்று சொன்ன மாதிரி இருந்தது. மூன்றே முக்காலுக்கு அசைவு நின்றது. இன்னும் பதினைந்து நிமிடம் பார்த்தேன், அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாதென்று. அப்புறம் அன்றைய பதிவை ரெக்கார்டரில் அழித்துவிட்டு மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்காரப் பெண்தான் பார்த்தாள். மகன் என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார். அவர் வந்து சேரும்வரை எல்லாவற்றையும் நான்தான் முன்னின்று செய்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் இருந்து செய்ய வேண்டியதை நீங்க செஞ்சிருக்கீங்க" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

நெட் போனாலும் பதிவு போகக் கூடாதென்று கேமராவுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டு போட்டிருந்தேன். எல்லோரும் போட மாட்டார்கள். நான் போடுவேன். உங்கள் ஆள் அதைத்தான் கண்டுபிடித்தார். வேலையில் குறை வைக்காததால் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம்.

கொன்றாயா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். ஆமாம், ஐயா. ஸ்டூல் ஆடும் என்று தெரியும், ஒயர் வராது என்று தெரியும், அன்றைக்கு வீட்டில் யாருமில்லை என்று தெரியும். தெரிந்துதான் ஏறச் சொன்னேன். ஐந்து மணி நேரம் பிழைக்க வழியிருந்தது, அதையும் தெரிந்தேதான் விட்டேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இப்போது மணி பதினொன்றரை இருக்குமா? ரயில்வே கேட் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இந்நேரம் குளித்துவிட்டு வெளியே வருவார். பாத்ரூம் வாசலில் ஈரம் இருக்கும், மிதியடி போட மறந்துவிடுவார். மாடி வீட்டு அம்மா அடுப்பை வைத்துவிட்டு அப்படியே தூங்கிப் போவார். இப்படிப் பதினான்கு வீடு இருக்கிறது. நேற்றிலிருந்து அவர்களை யாருமே பார்க்கவில்லை. என் போன் உங்களிடம்தானே இருக்கிறது? ஐந்தே நிமிடம் கொடுங்கள், ஐயா. பாவம், பெற்ற பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை. என்னை விட்டால் அவர்களுக்கு வேறு யார்?